எட்டோடு கடலுக்குப் போன தம்பி

போன வருஷம் கோடையில், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில், தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆரம்பித்தது இது. தடை முடிந்து படகுகள் கிளம்பிய காலையில், மீன்பிடித் துறைமுகத்தில் வைத்து என் மானம் போனது. அதற்குக் காரணம் கடல் பாதி, என் தம்பி பாதி என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் தளத்தில் நின்று எண்ணிக் குறிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. பூசை நடக்கும்போது பீடத்தில் எரிகிற மெழுகுதிரிகளை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்திக்கு எத்தனை இலை விழுகிறது என்று எண்ணுவேன். "மனுஷன் நின்னு பேசுதான், இவிய அவன் சட்டைப் பித்தானை எண்ணுதாவ" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இத்தனை வருஷம் கப்பல்களுக்குப் பக்கத்தில் நின்றேனே தவிர, ஒன்றிலும் ஏறியதில்லை. படகிலும் ஏற மாட்டேன். கடலில் பிழைக்கிற குடும்பத்தில் இது வெளியே சொல்லிக்கொள்ளக் கூடிய விஷயமல்ல. சின்ன வயதில் நானும் தம்பியும் போன வள்ளம் முயல்தீவுக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்த எங்களை இன்னொரு வள்ளக்காரர்கள் தூக்கினார்கள். தம்பி ஊர் கேட்க அழுதான். நான் அழவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது, அழ வரவில்லை. அதைப் பார்த்து எல்லோரும், மூத்தவன் கல்லு மாதிரி இருந்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எனக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது? ‘தலைசுற்று’ என்று சொல்லியே காலத்தைக் கடத்தினேன். தபால் ஆபீசில் வேலை பார்த்த தம்பியோ, யார் படகுக்குக் கூப்பிட்டாலும், "எனக்குப் பயம்பா, ஆளை விடுங்க" என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். அது எப்படி அவனுக்கு மட்டும் வாய்த்தது என்று எனக்கு அப்போதே ஒரு எரிச்சல் உண்டு.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதுப் படகு முதன்முதலாகக் கடலுக்குப் போகும்போது, படகுக்காரனின் தாய்மாமன் மாதா சுரூபத்தை, அதாவது மாதாவின் சிறு சிலையை, கையில் ஏந்திக்கொண்டு படகின் முன்முனையில் நிற்க வேண்டும். துறைமுக வாயைத் தாண்டி ஒரு வட்டம் அடித்துத் திரும்பும்வரை சுரூபத்தை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. எங்கள் தங்கச்சி மகன் பல வருஷம் ஊரான் படகில் வேலை செய்து, கடனும் உடனும் வாங்கி, சொந்தமாக ஒரு விசைப்படகு கட்டி முடித்திருந்தான். தடை நீங்குகிற அன்று இறக்குவது என்று முடிவானது. தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"பெரியண்ணே, நீங்கதான் சுரூபம் பிடிக்கணும். தலைசுத்து, மயக்கம்னு ஒண்ணும் சொல்லப்பிடாது. உங்களால ஏலாதுன்னா இப்பவே சொல்லிருங்க, சின்னண்ணன் இருக்காவ."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். "நான் இருக்கும்போது அவன் எதுக்கு?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குச் சாயங்காலம் தனியாகத் துறைமுகத்துக்குப் போய்ப் படகுத்துறை ஓரத்தில் நின்று பார்த்தேன். கீழே தண்ணீர் கல்லில் மோதி ஏறி இறங்கியது. நெஞ்சு அடித்த அடியில் செத்தே போனேன் என்று நினைத்தேன். அங்கே நின்றவர்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது, இது பயம், இதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது என்றார் டாக்டர். என் மருமகள் நர்ஸ். அவள்தான் விசாரித்து, மதுரையில் இருக்கிற ஒரு மனநல ஆலோசகரைப் பிடித்தாள். போக வேண்டாம், வர வேண்டாம். லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசலாம். கண்ணில் மாட்டிக்கொள்கிற ஒரு பெட்டியைக் கூரியரில் அனுப்புவார்கள். அதை மாட்டினால் கடல் நம்மைச் சுற்றி இருக்கிற மாதிரியே தெரியும். பயப்படுகிற ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக் காட்டி, ஓடாமல் நிற்கப் பழக்குவதுதான் வைத்தியம்.

தம்பிக்கு விஷயம் போனது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து என் மருமகளைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மா, அந்த மேடம்ட்ட என்னையும் சேத்துச் சொல்லு. ஒரு பெட்டிதானே, ரெண்டு மண்டைக்கும் போதும்."

என் வியாதியில்கூட அவனுக்குப் பங்கு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமைதோறும் முன்னறையில் நடந்தது. முதலில் நான், பிறகு அவன், தனித்தனியாக. ஆலோசகர் என் பேத்தி என்று சொல்லத்தக்க சின்னப் பெண். முதல் நாளே தெளிவாகச் சொன்னது: "இது மந்திரம் இல்ல சார். பயம் வரும். வரட்டும். நடுவுல நடுவுல எவ்வளவு பயம்னு கேப்பேன், பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. பொய் மட்டும் வேண்டாம், அந்த நம்பரை வச்சுத்தான் அடுத்தது என்னன்னு நான் முடிவு பண்ணணும்."

எண் என்று வந்துவிட்டால் எனக்கு அது கணக்கு. கணக்கென்றால் அதில் ஜெயிப்பவனும் தோற்பவனும் உண்டு. குறைவாகச் சொல்பவன் ஜெயித்தவன் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் காட்டியது ஏதோ வெளிநாட்டு ஏரி. மரப்பலகைத் துறை, தூரத்தில் மலை, கழுவி வைத்த கண்ணாடிக் குப்பி மாதிரி தண்ணீர். உப்பு வாடை கூட இல்லாத அந்தத் தண்ணீருக்கே எனக்குப் பயம் வந்தது. எட்டுக்குக் குறையாமல் இருந்தது. "எவ்வளவு சார்?" என்று கேட்டது அந்தப் பெண். "மூணு" என்றேன். "சரி சார்" என்றது. அவ்வளவுதான்.

அடுத்தது தம்பி முறை. நான் உள்ளே போயிருக்க வேண்டும். போகாமல் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டியை மாட்டிய மறு நிமிஷமே அவன் குரல் கேட்டது. "ஐயோ மாதாவே! மேடம், ஒம்பது! ஒம்பது மேடம்! காலு நிக்க மாட்டேங்கு!"

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டதும் அது போய்விட்டது. "ரொம்ப நல்லது சார். ஒன்பது இருக்கும்போதும் பெட்டியைக் கழட்டாம நிக்கிறீங்க பாருங்க, அது பெரிய விஷயம். கண்ணை மூடாதீங்க. நானும் கூடவே இருக்கேன்."

மூன்று வாங்கியவனுக்கு ஒரு ‘சரி’. ஒன்பது வாங்கியவனுக்கு இத்தனை பாராட்டு. என்ன கணக்கு இது? அன்றைக்கு இரவு சாப்பிடும்போது மனைவியிடம் நியாயம் கேட்டேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு கிழவனும் ஒரு சின்னப் புள்ளட்ட நல்ல பேரு வாங்க நிக்கியளா? சாப்பிடுங்க" என்றாள்.

வாரங்கள் போகப் போக எனக்குள் அது புளித்துக்கொண்டே வந்தது. அந்த ஏரி போதாது, சொந்தக் கடலைக் காட்டினால் நல்லது என்று அந்தப் பெண் கேட்டதால், தங்கச்சி மகன் சுற்றிலும் படம் பிடிக்கிற உருண்டைக் கேமராவை இரவல் வாங்கி, ஒரு கூட்டாளியின் வள்ளத்தில் போய் எடுத்து அனுப்பினான். பெட்டியை மாட்டினால் எங்கள் துறைமுகம், எங்கள் வெயில், எங்கள் இன்ஜின் சத்தம். நடுவில், "ஏலே, மண்டைய எடுலே, கேமராவ மறைக்கி!" என்று ஒருவன் கத்துவது வேறு. தம்பி பயத்தில் அழுதுகொண்டே அந்த இடத்தில் சிரித்துவிடுவான். லேப்டாப்பில் அந்தப் பெண்ணும் சிரிக்கும். நான் வெளியே உட்கார்ந்து எண்ணினேன்: அன்று ஒரு நாளில் மட்டும் அவனிடம் அது ஏழு தடவை சிரித்தது. என்னிடம் ஒரு தடவை கூட இல்லை.

நான் அந்தப் படத்துக்குள் என்ன செய்தேன் என்றால், தண்ணீரையே பார்க்கவில்லை. படகுகளின் கொடிக்கம்பங்களை எண்ணினேன். அது முடிந்தால் வலையில் கோத்த மிதவைகள். அதுவும் முடிந்தால் பலகையில் அடித்த ஆணிகள். எண்ணிக்கொண்டிருக்கிறவரை பயம் தூரத்தில் நிற்கும். ஒரு நாள் அந்தப் பெண் கவனித்துவிட்டது.

"சார், உதடு அசையுதே. என்ன சொல்றீங்க?"

"ஜெபம்" என்றேன்.

மாதா மன்னிக்கட்டும். வேறு எதைச் சொன்னாலும் அது மேலே கேட்டிருக்கும். ஜெபம் என்றதும் மரியாதையாக, "பண்ணுங்க சார், ஆனா தண்ணியையும் பாருங்க" என்று விட்டுவிட்டது.

நான் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறக்கிக்கொண்டே வந்தேன். அது சொன்னபடி என்னை அடுத்தடுத்த காட்சிக்குக் கொண்டுபோனது: கட்டிக் கிடக்கிற படகு, நகர்கிற படகு, அலையில் ஆடுகிற படகு. தம்பி இன்னும் கட்டிக் கிடக்கிற படகிலேயே நின்றான். இதில் எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவன் எண்கள் உண்மையாகவே இறங்கிக்கொண்டிருந்தன. கதவுக்கு வெளியே இருந்தே அது தெரிந்தது. ஒன்பது என்று அலறியவன் ஏழு என்று சொன்ன அன்று குரலில் நடுக்கம் குறைந்திருந்தது. என் எட்டு எட்டாகவே இருந்தது. வாய் மட்டும் ஒன்று என்றது.

பிறகு நிஜப் படகில் உட்கார்ந்து பழக வேண்டும் என்றது அந்தப் பெண். தம்பி சாயங்காலம் சாயங்காலம் துறைமுகத்துக்குப் போனான். என்னையும் கூப்பிட்டான். "வாறியளாண்ணே? கட்டிக் கெடக்க படகுதான். சும்மா உக்காந்து கடலை கொறிச்சிட்டு வருவோம்."

"எனக்கு ஒண்ணுதானடே இருக்கு. நீ போ. ஒனக்குத்தான் தேவை."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தனியாகக் கிளம்பிப் போனான். பயிற்சி ஆயிற்றா என்று அந்தப் பெண் கேட்டபோது, ஆயிற்று என்றேன். உண்மையில் துறைமுக வாசல்வரைதான் போனேன். அங்கே நின்று கொடிக்கம்பங்களை எண்ணிவிட்டு டீ குடித்துத் திரும்பினேன்.

தடை நீங்கிய அன்று காலை துறைமுகத்தில் தேர்க்கூட்டம். புதுப் படகுக்கு மஞ்சளும் நீலமுமாக வண்ணம் அடித்து, கொடித்தோரணம் கட்டி, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரித்தார். தங்கச்சி சுரூபத்தை என் கையில் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "பெரியண்ணன் கைராசி, எம் மவன் நல்லா இருக்கணும்" என்றாள். நான் மட்டும் அல்ல, இரண்டு தாய்மாமன்களும் ஏற வேண்டும் என்று படகுக்கார மருமகப்பிள்ளை கூப்பிட்டதால் தம்பியும் பின்னால் வந்தான்.

பலகை வழியாகப் படகில் கால் வைத்தேன். படகு என் பாரத்துக்கு லேசாகத் தாழ்ந்து எழுந்தது. அந்தப் பெட்டிக்குள் இந்த ஒன்று மட்டும் இல்லை. அதில் எல்லாம் ஆடும், ஆனால் கால் தரையில் இருக்கும். இங்கே காலுக்குக் கீழேயே ஒன்றும் நிலையாக இல்லை. முன்முனைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. தோரணத்தில் இருந்த கொடிகளை எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை வந்து தவறியது. மறுபடி ஆரம்பித்தேன், தவறியது. என் ஆயுளில் எண்ணிக்கை தவறி நான் பார்த்ததில்லை. சுரூபம் கையிலிருந்து வழுக்குகிற மாதிரி இருந்தது.

"மாமா, கயித்த அவுக்கட்டுமா?" என்று கத்தினான் மருமகப்பிள்ளை.

தலைசுற்று என்று சொல்லலாம். எப்போதும் சொல்வதுதான், எல்லோரும் நம்புவார்கள். நாக்கு அதற்குத்தான் தயாரானது. அப்போது பக்கத்தில் நின்ற தம்பி, முகமெல்லாம் வெளிறி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அண்ணே, எனக்கு இப்ப எட்டு. உங்களுக்கு?"

படகுக்காரப் பையன்களில் ஒருவன், "என்ன பெரியவரே எட்டு? இறால் விலையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், ஆனால் கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கதவுக்கு வெளியே நான் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை சனிக்கிழமையும், என் மூன்றும் இரண்டும் பொய் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"பத்து" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "பத்துடே. ஆரம்பத்துலருந்தே கொறையவே இல்ல."

"இருக்கியளா, இறங்குதியளா? எதுன்னாலும் நான் நிக்கேன்."

நான் இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனசு சொல்கிறது. இறங்கினேன். சுரூபத்தை அவன் கையில் வைத்துவிட்டு, இரண்டு பையன்கள் கையைப் பிடிக்க, பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி இறங்கினேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "உக்காருங்கண்ணே" என்று ஒரு கவிழ்த்த மீன்பெட்டியைக் காட்டினாள். அதில் உட்கார்ந்தேன்.

வெடி போட்டார்கள். படகு கிளம்பியது. முன்முனையில் என் இடத்தில் என் தம்பி நின்றான். நின்றான் என்று எப்படிச் சொல்வது?  ஒருவன் பின்னாலிருந்து அவன் இடுப்பு வேட்டியைக் கொத்தாகப் பிடித்திருந்தான். துறைமுக வாயை நெருங்கும் முன்பே கடலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தான். ஒரு கையால் வாயைத் துடைத்தான். மற்றக் கையில் சுரூபம் அசையவில்லை. கரையில் இருந்த சனம் முழுவதும், "விடாதீங்க பெரியவரே! பிடிங்க!" என்று கத்தியது. என் மனைவிகூடக் கத்தினாள். துறைமுக வாயைத் தாண்டி, வட்டம் அடித்துப் படகு திரும்பியபோது அவன் அழுதுகொண்டிருந்தான். அழுவதை அவன் மறைக்கவே இல்லை.

வாந்தி எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டு, வேட்டியை இன்னொருவன் பிடித்துக்கொள்ள நின்ற ஒரு மனிதன்மேல் பொறாமைப்பட்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.  ஆனால் அந்த மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவனுடைய தைரியத்தைப் பார்த்து நான் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. அவனிடம் தைரியம் இருப்பதாக நான் நினைத்ததே கிடையாது. ஊர் பார்க்கப் பயப்பட அவனால் முடிந்தது. அதைத்தான் நான் இத்தனை காலமும் பார்த்துப் பார்த்து வெந்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்கள் பொய், ஜெபம் பொய், பயிற்சி பொய், கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்டது மட்டும் உண்மை என்றேன். அது திட்டவில்லை. எழுதி வைத்திருந்த என் பழைய எண்களை ஒரு தடவை பார்த்தது. பிறகு, "எண்ணுறது உங்களுக்கு ஒளிஞ்சுக்கிற இடமா இருந்திருக்கு சார். பரவாயில்ல. பழையபடி ஏரியிலருந்தே தொடங்கலாமா?" என்று கேட்டது. பெட்டியை மாட்டினேன். கழுவின குப்பி மாதிரித் தண்ணீர். "ஒன்பது" என்றேன். எண்ணாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பாராட்டியதா என்று கேட்காதீர்கள்; பாராட்டியது, ஆனால் தம்பிக்குச் சொன்ன அளவுக்கு இல்லை.

இப்போது சாயங்காலங்களில் நானும் அவனும் துறைமுகத்துக்குப் போகிறோம். அவன் கட்டிக் கிடக்கிற படகில் பொத்தென்று குதித்துவிடுகிறான். நான் நாலு காலில் தவழ்ந்து ஏறுகிறேன். அவனோடு சரிக்குச் சரி கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடுவில் அவன், "எவ்வளவுண்ணே?" என்று கேட்பான். போன வாரம், "கடலுக்கு ஆறு, ஒன் மேல பொறாமை எட்டு" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

துறைமுக வாயை நான் இன்னும் தாண்டவில்லை, அந்தச் சுரூபத்தைப் பிடிக்கிற பாக்கியமும் இனி எனக்கு வரப்போவதில்லை; ஆனால் பயம் எவ்வளவு என்று ஒருவன் கேட்க, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடிகிறதே, இந்த வயதில் அதுவே எனக்குப் பெரிய கரையாகத் தெரிகிறது.